ட்ரூபல் 7-க்கு மூடுவிழா முடிஞ்சாச்சு. இனி எங்கே போறது?

சனிக்கிழமை_வாத்தியார் | 8 பிப்ரவரி 2025

வணக்கம். பல வருஷமா இங்கே படிச்சுட்டு மட்டும் போறவன். முதல் இழை, கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

நான் பள்ளிக்கூட வாத்தியார், நிரலாளர் இல்லை. எங்க ஊர் வாசகர் வட்டம் நடத்துற சிற்றிதழுக்கு 2012-ல, வலைத்தளம் கட்டற மென்பொருளான ட்ரூபல் 7-ல ஒரு தளம் கட்டினேன். இப்ப அதுல 4,300 கட்டுரை, கதை, கவிதை இருக்கு. சனிக்கிழமை மதியம் சாப்பிட்டுட்டு ரெண்டு மணி நேரம் உட்காருவேன், பராமரிப்புன்னா அவ்வளவுதான்.

போன மாசம் 5-ம் தேதியோட ட்ரூபல் 7-க்கு ஆதரவு முடிஞ்சுபோச்சு. முதல்ல 2021 நவம்பர்னாங்க. கொரோனா வந்து 2022 ஆச்சு, அப்புறம் 2023, கடைசியா 2025 ஜனவரி 5. ஒவ்வொரு தடவை தள்ளிப்போட்டப்பவும் பரீட்சை தள்ளிப்போன பையன் மாதிரி சந்தோஷப்பட்டேன். படிக்கத்தான் இல்லை.

ஏன் படிக்கலைன்னு சொல்றேன். 2012-ல ஒரு மாட்யூல் (தளத்துல புது வசதி சேர்க்கற துணை நிரல்) எழுத எனக்கு ரெண்டே கோப்பு தேவைப்பட்டுச்சு: ஒரு .இன்ஃபோ, ஒரு .மாட்யூல். ஹூக்_மெனுன்னு ஒரு ஃபங்ஷன் (ட்ரூபல் தானாக் கூப்பிடற 'ஹூக்'குகள்ல ஒண்ணு), அதுக்குள்ள ஒரு அர்ரே, அதாவது பட்டியல். எந்த முகவரி, எந்த ஃபங்ஷனைக் கூப்பிடணும், யாருக்கு அனுமதி, எல்லாம் ஒரே இடத்துல கண் முன்னாடி இருக்கும். எஃப்டிபி-ல ஏத்தினா ஓடும். ஒரு கோடை விடுமுறையில கத்துக்கிட்டேன்.

2016-ல ட்ரூபல் 8-ஐத் திறந்து பார்த்தேன். ஒரு பக்கத்துல 'வணக்கம்'னு காட்டணும். இன்ஃபோவுக்கு ஒரு யாமெல் கோப்பு (செட்டிங்கை வரிவரியா எழுதற கோப்பு), எந்த முகவரிக்கு எதுன்னு சொல்ற ரூட்டிங்குக்கு ஒரு யாமெல் கோப்பு, எஸ்ஆர்சி-னு ஃபோல்டர், அதுக்குள்ள கன்ட்ரோலர்னு ஃபோல்டர், அதுக்குள்ள ஒரு கிளாஸ், அது தலைமாட்டுல நேம்ஸ்பேஸ், அதுக்குக் கீழே யூஸ் யூஸ்னு நாலு வரி. இத்தனைக்கும் அப்புறம்தான் 'வணக்கம்'. யாமெல்லுல ஒரு இடைவெளி தள்ளிப்போனாக்கூட ஒண்ணும் வராது. மூடி வெச்சவன் இன்னிக்குத்தான் திரும்ப வர்றேன்.

எங்கே போறதுங்கறது கேள்வி. கூடவே ஒரு ஆதங்கமும் இருக்கு: என்னை மாதிரி ஆளுங்களை வெளியே அனுப்பணும்னு முடிவு பண்ணித்தான் அதை எழுதினாங்களா?

---

ஹூக்மெனு | 8 பிப்ரவரி 2025

வாத்தியார் சார், என் பேரைப் பார்த்தாலே நான் எந்தக் காலத்து ஆள்னு தெரியும். ட்ரூபல் 5-ல ஆரம்பிச்சவன், பதினெட்டு வருஷமா சென்னையில இதுதான் பிழைப்பு. ஆனாலும் இந்த விஷயத்துல உங்க பக்கம் முழுசா நிக்க முடியலை.

உங்களுக்கு எளிமையாத் தெரிஞ்ச அந்த அர்ரேதான் எங்களைக் கொன்னது. ஒரு படிவத்துல ஒரு பெட்டியை மாத்தணும்னா அர்ரேக்குள்ள அர்ரே, அதுக்குள்ள அர்ரே. சாவி பேர்ல ஒரு எழுத்து தப்பினா எந்த எரரும் வராது, சும்மா வேலை செய்யாது, அவ்வளவுதான். எந்த ஹூக்கை யார் எங்கே பிடிச்சு மாத்தினாங்கன்னு தேடியே ராத்திரி போயிடும்.

வெளியே பிஎச்பி (ட்ரூபல் எழுதப்பட்ட மொழி) உலகமும் நமக்காகக் காத்திருக்கலை. 5.3-ல நேம்ஸ்பேஸ் வந்தது 2009. சிம்ஃபனி 2-ங்கற பிஎச்பி ஃபிரேம்வொர்க் வந்தது 2011. அடுத்து, தேவையான நிரல்களை இறக்கித் தர்ற கம்போசர். காலேஜ் முடிச்சு வர்ற பசங்க ஒரே வேலையை எல்லா ஃபிரேம்வொர்க்குலயும் ஒரே மாதிரி செஞ்சிட்டிருக்க, ட்ரூபல்ல மட்டும் எல்லாமே நம்ம வீட்டு உரல்ல ஆட்டின மாவு. நல்ல பையன் ஒருத்தனை இன்டர்வியூல எடுத்துட்டு, ஆறு மாசம் அவன் தெரிஞ்சதை மறக்க வைக்கணும். அதுக்குத்தான் 8-ல சிம்ஃபனியையும் பக்க வார்ப்புக்கான ட்விக்கையும் உள்ளே கொண்டுவந்தாங்க. சரியான முடிவுன்னு இன்னிக்கும் சொல்வேன்.

இன்னொண்ணு, தளத்தோட அமைப்பு. 7-ல எல்லா செட்டிங்கும் டேட்டாபேஸ்ல கிடக்கும். சோதனைத் தளத்துல நாப்பது இடத்துல டிக் பண்ணி வாடிக்கையாளர்கிட்ட ஓகே வாங்கியிருப்போம். அப்புறம் ராத்திரி பதினொரு மணிக்கு லைவ் தளத்துல அதே நாப்பது டிக்கையும் கையால போடணும். ஒருத்தன் வாசிப்பான், ஒருத்தன் கிளிக் பண்ணுவான். அந்த செட்டிங்கைக் கோப்பா எடுக்க ஃபீச்சர்ஸ் மாட்யூல் இருந்துச்சு, அது தனி வேதனை. 8-ல அத்தனையும் யாமெல் கோப்பு, கிட்-ல (நிரல் மாற்றங்களைப் பதிஞ்சு வெக்கற கருவி) போட்டுத் தள்ளிடலாம். பட்டியல் பக்கங்கள் கட்டற வியூஸ் மாட்யூல் கோருக்குள்ளேயே (ட்ரூபலோட அடிப்படைத் தொகுப்பு) வந்துச்சு. தமிழ், ஆங்கிலம் ரெண்டும் வேணும்னா 7-ல மாட்யூல் மேல மாட்யூலா அடுக்கணும், 8-ல நாலு மாட்யூல் கோரோடயே வருது.

தப்பு எங்கேன்னா, 2011 மார்ச்சுல தொடங்கி 2015 நவம்பர் 19 வரைக்கும் இழுத்துட்டாங்க. மூவாயிரத்துக்கு மேல ஆளுங்க கை வெச்ச வேலை. அத்தனைக்கும் அப்புறம் 7-லருந்து 8-க்கு நேரா ஏற வழி இல்லை. புதுத் தளம் கட்டு, பழைய சரக்கை மைக்ரேட்-ல அள்ளிக் கொட்டு. பழைய வீட்டுக்குப் பக்கத்துல நல்ல மாடி வீடு கட்டினோம், நடுவுல படிக்கட்டு வைக்க மறந்துட்டோம்.

---

யாழ்_இணையன் | 9 பிப்ரவரி 2025

ஐயா, எங்க போறதெண்டு ஆறுதலா யோசிக்கலாம். ஆனா 7-இல அப்பிடியே இருக்க மட்டும் வேண்டாம்.

2014 ஒக்டோபர் 15 எனக்கு மறக்காது. பாதுகாப்பு அறிவித்தல் வந்தது எங்கட நேரத்துக்கு இரவு ஒன்பதரை மணிபோல. எஸ்கியூஎல் இன்ஜெக்‌ஷன், அதாவது வெளியாள் டேட்டாபேசுக்குள்ள தன்ர கட்டளையைப் புகுத்துறது, லொகின் கூடத் தேவையில்லை. நான் மின்னஞ்சலைப் பார்த்தனான், விடிய எழும்பிச் செய்வம் எண்டு படுத்திட்டன். பிறகு பாதுகாப்புக் குழு சொன்னது என்னெண்டால், அறிவிச்சு ஏழு மணித்தியாலத்துக்குள்ள திருத்தாத ஒவ்வொரு ட்ரூபல் 7 தளமும் உடைக்கப்பட்டதெண்டே வைச்சுக்கொள்ளுங்கோ எண்டு. ஏழு மணித்தியாலம் எண்டால் எங்களுக்கு விடியக்காலமை நாலரை. நான் எழும்பினது ஆறு மணிக்கு.

மூண்டு தளம் போச்சு. பயனர் பட்டியலில ஆரெண்டு தெரியாத ஒரு அட்மின் குந்தியிருந்தார்.

திருத்தம் எவ்வளவு தெரியுமோ? ஒரே ஒரு வரி. ஃபோர்ஈச்சுக்குள்ள டேட்டாவை அப்பிடியே குடுத்த இடத்தில அர்ரே_வேல்யூஸ் எண்டு சுத்திவிட்டது, அவ்வளவும்தான். இனி அப்பிடி ஒரு ஓட்டை வந்தால் அந்த ஒரு வரியை உங்களுக்கு ஆர் எழுதித் தருவினம்? காசு குடுத்தால் தொடர்ந்து பேட்ச் (திருத்தம்) தாற நிறுவனங்கள் இருக்கு. ஒரு சிற்றிதழுக்கு அது கட்டாது.

---

நள்ளிரவுத்துளி | 9 பிப்ரவரி 2025

நான் ட்ரூபல் 9-ல வந்தவ. பெங்களூர்ல வேலை. ஹூக்மெனு அண்ணா சொன்ன அந்த 'நல்ல பையன்' இடத்துல என்னை வெச்சுக்கலாம் :) எனக்கு நேம்ஸ்பேஸ் எல்லாம் பயமே இல்ல. ஒரு பழைய கிளையன்ட்டோட 7 தளத்துல தோற்றத்தைக் கட்டுப்படுத்தற ஆயிரம் வரி template.php கோப்பு ஒண்ணைத் திறந்தப்பதான் பயந்தேன்.

ஆனா கோடு (நிரல்) பத்தி மட்டும் பேசிட்டு சமூகத்தை விட்டுட்டோம். கோடு 2015-லயே புதுசாயிடுச்சு. சமூகம் வேலை செய்யற விதம் புதுசாக அதுக்கப்புறமும் பல வருஷம் ஆச்சு. சிவிஎஸ்-ங்கற பழைய கருவியிலருந்து கிட்டுக்கு வந்ததே 2011-லதான். மாத்தின நிரலை நேரா இணைக்கக் கேக்கற மெர்ஜ் ரிக்வெஸ்ட் வந்தது 2020-ல. அதுவரைக்கும் பேட்ச் கோப்பு செஞ்சு இஷ்யூல (அந்தப் பிரச்சினைக்கான விவாதப் பக்கம்) ஏத்தணும், ஒருத்தர் 'நீட்ஸ் வொர்க்'னு மாத்துவார், திருத்தி மறுபடி ஏத்தணும், கூடவே முன்னதுக்கும் பின்னதுக்கும் என்ன வித்தியாசம்னு இன்டர்டிஃப் ஒண்ணும் வைக்கணும். இருபத்தேழாவது கமென்ட்ல பேட்ச், எண்பத்தொண்ணுல ஆர்டிபிசி (சமூகம் பார்த்து சோதிச்சாச்சு), தொண்ணூறுல 'இனி பொருந்தலை, ரீரோல் பண்ணு'. இதையெல்லாம் தாங்கிட்டு யாரு நிப்பா? சம்பளத்துக்கு செய்யறவங்கதான்.

அடுத்தது கிரெடிட். எந்த இஷ்யூல யார் உதவினாங்க, எந்தக் கம்பெனி நேரம் கொடுத்துச்சுன்னு பதிவு பண்றது நல்ல யோசனைதான். ஆனா அதுல கம்பெனிகளுக்கு ரேங்க் வருதே. என் முதல் கம்பெனியில மாசத்துக்கு இத்தனை கிரெடிட்னு டார்கெட் வெச்சாங்க. நாங்க ஆறு பேர் உட்கார்ந்து, யாரும் தொடாத மாட்யூல்ல வரி கடைசியில இருக்கற காலி இடத்தை அழிச்சுட்டிருந்தோம். ஒரு ரீட்மீ கோப்புல காற்புள்ளி போட்டதுக்கு மூணு பேர் ரிவ்யூ. மறுபக்கம் அந்த மாட்யூலைச் சும்மா பார்த்துக்கிட்டிருந்த மனுஷருக்கு ஒரே நாள்ல நாப்பது மின்னஞ்சல். "தயவுசெஞ்சு நிறுத்துங்க"னு எழுதியிருந்தார். எனக்கு இன்னும் கூச்சமா இருக்கு. இப்ப அதுக்குன்னு விதி எல்லாம் வெச்சுட்டாங்க, கிரெடிட்டைப் பிடுங்கவும் செய்றாங்க.

சார் கேட்ட ஆதங்கத்துக்கு என் பதில்: யாரும் உங்களை வெளியே அனுப்பணும்னு நினைச்சிருக்க மாட்டாங்க. முடிவெடுத்த அறையில உங்களை மாதிரி யாருமே இல்ல, அதான்.

---

மட்டுறுத்துநர் | 9 பிப்ரவரி 2025

'பேசாம வேர்ட்பிரஸ்ஸுக்குப் போங்க' என்று மட்டும் எழுதப்பட்ட மூன்று பதிவுகள் நீக்கப்பட்டன. காரணத்தோடு எழுதினால் இருக்கட்டும்.

---

பைதான்பிரியன் | 10 பிப்ரவரி 2025

வேற தெருவுலருந்து ஒரு தகவல். நாங்க ப்ளோன் (பைதான் மொழியில எழுதின, தளம் கட்டற மென்பொருள்) ஆட்கள், எண்ணிக்கையில உங்களைவிட ரொம்பக் கம்மி. எங்களுக்கு வந்தது இன்னும் பெரிய கண்டம்: அடியில இருக்கற ஸோப், அதுக்கும் அடியில பைதான் 2, ரெண்டும் ஒரே சமயத்துல கிழடு தட்டிப்போச்சு.

எங்க ஆளுங்க ஒரேயடியா இடிக்கலை. 2019-ல ப்ளோன் 5.2, அது பைதான் 2-லயும் ஓடும், 3-லயும் ஓடும். முதல்ல அங்கே ஏறு, மூச்சு வாங்கு, பிறகு பைதானை மாத்து. அடுத்து 2022 டிசம்பர்ல ப்ளோன் 6, ரியாக்ட்ல எழுதின வோல்ட்டோ முகப்பு. பழைய முகப்பையும் 'கிளாசிக்'னு பேர் வெச்சு கூடவே விட்டுட்டாங்க. இதுக்கு விலையும் உண்டு, ரெண்டு முகப்பையும் பராமரிக்கணும், அதுக்கு ஆள் எங்கே? ஆனா தளத்தைத் தூக்கிப் போட்டுட்டு மறுபடி கட்டுன்னு யாரும் சொல்லலை.

---

சனிக்கிழமை_வாத்தியார் | 15 பிப்ரவரி 2025

பேர்லயே எழுதியிருக்கேனே, சனிக்கிழமைதான் வர முடியும். எல்லாத்தையும் ரெண்டு தடவை படிச்சேன்.

ஹூக்மெனு சார், உங்க நாப்பது டிக் கஷ்டம் புரியுது. ஆனா அது நாப்பது டிக் போடறவங்களோட கஷ்டம். எனக்கு லைவ் தளம் ஒண்ணுதான், சோதனைத் தளமே கிடையாது. உங்க நோய்க்கு எழுதின மருந்தை எனக்கும் ஊத்திட்டாங்க.

2019-ல மறுபடி ஒருதரம் முயற்சி பண்ணினேன். ஒரு மாட்யூல் போடணும், கம்போசர்ல போடுன்னாங்க. என்னுது வருஷம் ரெண்டாயிரம் ரூபா பகிர்வு ஹோஸ்டிங். கம்போசர் ஓடும், ஓடும், மெமரி போதலைன்னு செத்துப்போகும். ஹோஸ்டிங்காரர்கிட்ட கேட்டேன், "சார், இந்தப் பிளான்ல அதெல்லாம் ஓட்டக்கூடாது"ன்னார். அதுக்கும் ரெண்டு வருஷம் முன்னாடியே, 2017-ல, ட்ரூபலைத் தொடங்கின ட்ரீஸ் பொய்டார்ட், ட்ரூபல் பெரிய லட்சியம் உள்ள டிஜிட்டல் வேலைகளுக்கானதுன்னு எழுதியிருந்தார். ஆங்கிலத்துல 'ஆம்பிஷஸ்'. எங்க சிற்றிதழ் 300 பிரதி. லட்சியத்துக்குக் குறைச்சல் இல்லை, மெமரிக்குத்தான் குறைச்சல்.

இது தொடங்கின கதை எனக்குப் பிடிச்ச கதை. ஆன்ட்வெர்ப்ல மாணவர் விடுதிப் பசங்க சேதி பரிமாறிக்க செஞ்சது. டச்சு மொழியில 'டோர்ப்'னா கிராமம். அந்தப் பேர்ல முகவரி வாங்கப்போன மனுஷன் எழுத்தை மாத்தித் தட்டி 'டிராப்' ஆயிடுச்சு. துளிக்கு டச்சுல 'டிருப்பல்', அதுலருந்து 2001-ல ட்ரூபல். கிராமம்னு வெக்க நினைச்ச பேரு. எட்டாம் பதிப்புல நகரம் ஆயிடுச்சு.

---

ஹூக்மெனு | 15 பிப்ரவரி 2025

«உங்க நோய்க்கு எழுதின மருந்தை எனக்கும் ஊத்திட்டாங்க»

ஒத்துக்கறேன் சார். இதுக்கு என்கிட்ட பதில் இல்லை.

கம்போசர் கதை மட்டும் இப்ப மாறிடுச்சு. 2020 அக்டோபர்ல கம்போசர் 2 வந்ததும் மெமரி பசி நல்லாவே குறைஞ்சுபோச்சு. 8-க்கு அப்புறம் அவங்களும் பாடம் படிச்சுட்டாங்க. 9-ங்கறது 8.9-லருந்து 'இது போகப்போகுது'ன்னு முன்கூட்டியே சொல்லி வெச்ச நிரல் பகுதிகளை நீக்கினது, கூடவே சிம்ஃபனி மாதிரி அடியில இருக்கறதைப் புதுப்பிச்சது. அவ்வளவுதான். எது போகும்னு சொல்ல அப்கிரேட் ஸ்டேட்டஸ், தானா திருத்த ரெக்டர், மாட்யூல்காரங்களுக்குப் பேட்ச் போட்டுக் கொடுக்க ஒரு போட் (தானியங்கி நிரல்). நான் 9-லருந்து 10-க்கு ஒரு பெரிய தளத்தை ஒன்றரை நாள்ல ஏத்தினேன், 7-லருந்து 8-க்கு அதே தளம் ஏழு மாசம் எடுத்துச்சு.

போன மாசம் 15-ம் தேதி ட்ரூபல் சிஎம்எஸ் வந்துச்சு, அதையும் பாருங்க. கோர் மேலேயே ரெசிப்பின்னு வெச்சு, வலைப்பதிவு வேணுமா, நிகழ்ச்சி நாட்காட்டி வேணுமான்னு கேட்டு தானே நிறுவிக்கும். மாட்யூலை பிரவுசர்லயே தேடிப் போட்டுக்கலாம். கோடு தெரியாதவங்களுக்குன்னு சொல்லியே செஞ்சிருக்காங்க. பத்து வருஷம் லேட்டு, ஆனா உங்க பக்கம் திரும்பிப் பார்த்திருக்காங்க.

அதையும் தாண்டி, சனிக்கிழமை ரெண்டு மணி நேரம் மட்டும்தான்னா நான் பேக்டிராப்னு சொல்வேன். 2013-ல ட்ரூபல் 7-லருந்து பிரிஞ்சது, முதல் பதிப்பு 2015 ஜனவரி. சின்னத் தளங்களுக்குன்னே பிரிச்சாங்க. update.php ஓட்டினா 7-லருந்து நேரா ஏறும். என் பேரான ஹூக்மெனு அங்கே இன்னும் உயிரோட இருக்கு.

---

நள்ளிரவுத்துளி | 15 பிப்ரவரி 2025

அண்ணா, இதுல எனக்கு உடன்பாடு இல்ல. பேக்டிராப் நல்ல ஆளுங்க, வருஷத்துக்கு மூணு பதிப்பு தேதி தவறாம விடறாங்க, ஒண்ணும் குறை சொல்லலை. ஆனா சின்ன ஊரு. சாருக்கு அப்புறம் அந்தத் தளத்தைப் பார்த்துக்கப் போறவங்க யாரு? 22 வயசுப் பொண்ணு ஒருத்தி ஹூக்_மெனுவைக் கத்துக்கிட்டு வேற எங்கே வேலைக்குப் போவா? ட்ரூபல் 11-க்குப் போங்க. ஒருதரம் கஷ்டம், அப்புறம் படி படியா ஏறலாம். தளத்தோட காப்பியை அனுப்புங்க, ரெண்டு ஞாயிறு நான் உட்கார்றேன்.

---

யாழ்_இணையன் | 16 பிப்ரவரி 2025

எங்க போனாலும் தமிழ்ச் சரக்கு எண்டபடியால் ரெண்டு விசயம் பாருங்கோ.

ஒண்டு, குறிச்சொற்கள். பழைய எழுத்துருவில இருந்து யூனிகோடுக்கு மாத்தின கட்டுரையள் இருக்குமெண்டால், 'கொ' ரெண்டு விதமா இருக்கும். ஒண்டு ஒகரக் குறி ஒரே எழுத்தா. மற்றது முன்னுக்கு எகரக் குறி, பின்னுக்கு கால், ரெண்டு எழுத்தா. கண்ணுக்கு ஒரே மாதிரி, டேட்டாபேசுக்கு வேற வேற. 'கொங்கு' எண்டு ரெண்டு குறிச்சொல் பட்டியலில நிக்கும், தேடினால் பாதிக் கட்டுரைதான் வரும். பிஎச்பியின்ர நார்மலைசராலை ஒருக்கா எல்லாத்தையும் ஒரே வடிவத்துக்கு வடிச்சுப்போட்டு ஏத்துங்கோ. நாங்கள் ஏத்தினாப் பிறகு கண்டுபிடிச்சு, கையால இணைச்சு, கனநாள் போச்சு.

மற்றது முகவரி. 'பாரதியார்' எண்டதில யூனிகோடுக் கணக்கில ஒன்பது எழுத்து. உலாவியில இருந்து நகலெடுத்தால் ஒவ்வொண்டும் விழுக்காட்டுக் குறியோட ஒன்பது எழுத்தா விரியும், மொத்தம் 81. இதைப் பார்த்திட்டு ஆராவது 'எல்லாத்தையும் ஆங்கில எழுத்துக்கு மாத்துவம்' எண்டு முகவரியைத் தானா உண்டாக்கிற பாத்ஆட்டோ மாட்யூலில டிக் போடுவினம். போடாதேங்கோ. பன்னிரண்டு வருசமா மற்றாக்கள் குடுத்த இணைப்பெல்லாம் செத்துப்போகும். பழைய அலியாசை (பக்கத்துக்கு வைச்ச முகவரியை) அப்பிடியே கொண்டுபோங்கோ.

---

சனிக்கிழமை_வாத்தியார் | 22 பிப்ரவரி 2025

'கொங்கு' ரெண்டு இருக்கு. 'கோவை' மூணு இருக்கு, மூணாவதுல கடைசியில ஒரு இடைவெளி. பன்னிரண்டு வருஷமா என் கண்ணுல படலை.

நள்ளிரவுத்துளி அம்மா, காப்பி அனுப்பிட்டேன்.

---

நள்ளிரவுத்துளி | 3 மார்ச் 2025

ரெண்டு ஞாயிறு முடிஞ்சுது. 11-ல உள்ளடக்கம் 4,300-ம் ஏறிடுச்சு, அலியாஸும் வந்துடுச்சு, நார்மலைசர் மைக்ரேட்டுக்குள்ள ஒரு கால்பேக் வரிதான். மாட்டிக்கிட்டது சாரே எழுதின 'இதழ் வாரியா அடுக்கு' மாட்யூல்ல. 140 வரி. மாத்தி எழுதினா ஏழு கோப்பு ஆகுது. எழுதித் தர்றேன், பிரச்சினை இல்ல. ஆனா அடுத்த தடவை அது உடைஞ்சா சாரால திறந்து பார்க்க முடியாதுங்கறது எழுதறப்பதான் உறைச்சுது. சார், முடிவு உங்களுது. நான் போன தடவை பேசின வேகத்துல இப்ப பேசலை.

---

சனிக்கிழமை_வாத்தியார் | 15 மார்ச் 2025

பேக்டிராப் போட்டுட்டேன். நள்ளிரவுத்துளிம்மா கோவிச்சுக்க வேண்டாம், உங்க 11 காப்பியை மடிக்கணினியில அப்படியே வெச்சிருக்கேன். பிளஸ் டூ முடிச்ச ஒரு பையன் அதை நோண்டிட்டிருக்கான். ஏழு கோப்பும் அவனுக்குப் புரியுதாம்.

என் மாட்யூலோட .இன்ஃபோ கோப்புல ரெண்டு வரி சேர்த்தேன், 'பேக்டிராப் = 1.x', 'டைப் = மாட்யூல்'. ஹூக்_மெனு அப்படியே ஓடிச்சு. தீம் வரலை, தளம் இப்ப மொட்டையா நிக்குது, அதை அப்புறம் பார்த்துக்கலாம். குறிச்சொல்லை ஏத்தறதுக்கு முன்னாடியே வடிச்சுட்டேன்.

ஒரு சந்தேகம். கட்டுரைத் தேதியில மாதப் பேரெல்லாம் ஆங்கிலத்துல வருது. எங்கே மாத்தறது?

---

யாழ்_இணையன் | 15 மார்ச் 2025

லோகேல் மாட்யூலை இயக்கி, தமிழைச் சேர்த்து, மொழிபெயர்ப்பு பிஓ கோப்பை ஏத்துங்கோ ஐயா. மே மாதத்தை மட்டும் தனியாப் பாருங்கோ. ஆங்கிலத்தில முழுப்பேரும் சுருக்கமும் ஒண்டுதான் எண்டபடியால், மொழிபெயர்ப்புப் பட்டியலில அது ரெண்டு தரம் வரும். ஒண்டை நிரப்பிட்டு மற்றதை விட்டிடுவினம்.

---

சனிக்கிழமை_வாத்தியார் | 15 மார்ச் 2025

ஏத்தியாச்சு. பதினொரு மாசம் தமிழ்ல வந்துடுச்சு. மே தினச் சிறப்பிதழ் மட்டும் ஆங்கிலத்துல நிக்குது, ரெண்டாவதைத் தேடிக்கிட்டிருக்கேன்.